மூன்றரை மாத நாய்க்குட்டிக்குத் திடீரெனப் பசி குறைந்தால்: ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வீட்டில் அவர், கணவர், மாமியார், ஒன்பது வயது மகள். மார்ச் மாதத்தில் ஒரு சிப்பிப்பாறை ஆண் குட்டியை வாங்கினார்கள். வரும்போது அதற்கு 35 நாள். இப்போது மூன்றரை மாதம். முதல் இரண்டு மாதம் கிண்ணத்தை நக்கிப் பளபளப்பாக்கிய குட்டி, கடந்த பத்து நாளாகப் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுகிறது. கடையில் வாங்கும் குட்டி உணவை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. கோழிக் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் மட்டும் சாப்பிடுகிறது. ஓட்டம், விளையாட்டு எதிலும் குறையில்லை. மலம் கெட்டியாகவே போகிறது. செருப்பு, கட்டில் கால் எல்லாவற்றையும் கடிக்கிறது, மகளின் கையிலும் பல் பட்டுக் கீறல்கள். ஒரு நாள் தண்ணீர்க் கிண்ணத்தில் லேசாக இரத்தம் தெரிந்திருக்கிறது.

தினசரி உணவு இது: காலையும் மாலையும் பால், பிஸ்கட் (நாள் முழுக்கச் சேர்த்து 300 மில்லி பால், எட்டு பிஸ்கட்), பத்து மணிக்குக் குட்டி உணவு, மதியம் சாதமும் வேகவைத்த கோழியும், இரவு தயிர்சாதம். கூடவே கால்சியம் டானிக். இரண்டு தடுப்பூசி போட்டாகிவிட்டது; இரண்டாவது போட்டு ஒரு மாதமாகிறது. மூன்றாவதைப் போடவில்லை, காரணம் "சாப்பிடாத குட்டிக்கு ஊசி வேண்டாம்" என்று யாரோ சொன்னது. பூச்சி மருந்து வந்த வாரத்தில் ஒரே ஒரு முறை கொடுத்தது. இரண்டு வாரம் முன்பு காதோரம் உண்ணிகள் இருந்தன, கையால் பிடுங்கிப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக் குட்டி ஜனவரியில் இரத்தப்போக்கு கண்டு இறந்துபோனது. அந்தப் பயம் இவரை விடவில்லை.

கணவர், "பிடிவாதம், ஒரு நாள் பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடும்" என்கிறார். மாமியார் திருஷ்டி என்கிறார். எதிர்வீட்டுக்காரர் பூண்டு கொடுக்கச் சொல்கிறார், உடம்பு சுடுகிறது என்று காய்ச்சல் மாத்திரையும் கொடுக்கச் சொல்கிறார். "இது நோயா, பிடிவாதமா? பசி டானிக் கொடுக்கலாமா? குட்டி சாப்பிடாவிட்டால் என் மகளும் சாப்பிட மறுக்கிறாள்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிம்மதிப்படுத்திய வரி ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது ஊசியின்போது அட்டையில் எழுதிய எடை 4.8 கிலோ, இப்போது உங்கள் கணவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று, தன் எடையைக் கழித்துப் பார்த்தபோது 7.6 கிலோ. ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட மூன்று கிலோ ஏறிய குட்டி பட்டினி கிடக்கவில்லை. அது சரியாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

நாம் எல்லோரும் கிண்ணத்தில் மிச்சமிருப்பதைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். ஆனால் கிண்ணம் பாதி உண்மையைத்தான் சொல்லும். எடை, சுறுசுறுப்பு, மலம், ஈறின் நிறம், தண்ணீர் குடிக்கும் அளவு ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விஷயம் தெரியும். உங்கள் குட்டியிடம் இவற்றில் நான்கு நன்றாக இருப்பதாகத் தெரிகிறது. ஈறின் நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதை நான் கட்டாயம் கேட்டாக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த வயதில் பசி கொஞ்சம் மட்டுப்படுவது இயல்பு. வளரும் குட்டிக்கு, ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், வளர்ந்த நாயைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உணவு தேவை. அது தன் முழு எடையில் பாதியை நெருங்க நெருங்க அந்தத் தேவை படிப்படியாக இறங்கும். இரண்டு மாதக் குட்டி வெறியோடு சாப்பிட்ட அதே அளவை நான்கு மாதத்திலும் எதிர்பார்க்க முடியாது. மேலும் இது மே மாதம். திண்டுக்கல் வெயிலில் நமக்கே மதியம் சாப்பாடு இறங்குவதில்லை. நாய்க்கு உடம்பெங்கும் வியர்வை வராது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். வெக்கையான நேரத்தில் வைத்த சாதத்தை அது ஒதுக்கினால் அதில் வியப்பில்லை.

காணாமல் போன பாதிச் சாப்பாடு எங்கே?

நீங்கள் எழுதிய உணவுப் பட்டியலைத் தாளில் கூட்டிப் பார்த்தேன். 7.6 கிலோ எடையுள்ள, இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 700 முதல் 800 கலோரி போதும். 300 மில்லி பசும்பாலில் சுமார் 190 கலோரி. எட்டு பிஸ்கட்டில் இன்னொரு 190. ஆக, தினசரித் தேவையில் பாதி பாலிலும் பிஸ்கட்டிலுமே முடிந்துவிடுகிறது. கிண்ணத்தில் மிச்சமாவதும் பாதி. உங்கள் குட்டி கணக்குத் தப்பாமல்தான் சாப்பிடுகிறது. நாம்தான் பாலையும் பிஸ்கட்டையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதில் எனக்குக் கவலை தருவது குட்டி சாப்பிடும் அளவல்ல, உணவின் தரம். பிஸ்கட் என்பது மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும். தயிர்சாதத்தில் வளரும் குட்டிக்கு வேண்டிய புரதம் மிகவும் குறைவு. தசையும் எலும்பும் கட்ட வேண்டிய வயதில் வயிற்றின் பாதியை இவை அடைத்துக்கொள்கின்றன. பால் கொடுத்தால்தான் குட்டி திடமாக வளரும் என்று நம் வீடுகளில் ஆழமான நம்பிக்கை இருக்கிறது. தாய்ப்பால் மறந்த பிறகு நாய்க்குட்டிக்குப் பால் அவசியமே இல்லை. பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் திறனும் வயது ஏற ஏறக் குறைந்துவிடும், பல குட்டிகளுக்கு இதனாலேயே வயிற்றுப்போக்கு வரும். உங்கள் குட்டிக்கு அப்படி எதுவும் வரவில்லை, நல்லது. ஆனாலும் அடுத்த ஒரு வாரத்தில் பாலையும் பிஸ்கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், நாள் ஒன்றுக்கு மூன்று வேளை போதும்: காலை ஆறு மணி, மதியம், வெயில் தாழ்ந்த பிறகு இரவு ஏழரை. இடையில் ஒன்றும் வேண்டாம். பழக்குவதற்காகக் கொடுக்கும் சிறு துணுக்குகள் நாளின் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, பாட்டி கொடுப்பதையும் சேர்த்துத்தான்! குட்டி உணவைப் பிரதானமாக வைத்துக்கொண்டால் பாக்கெட்டில் எடைக்கேற்ப அச்சிட்டிருக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். கோழியும் முட்டையும் கொடுக்கும் நாளில் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். உணவை ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதில் கொஞ்சம் குறைத்துப் புதியதைக் கொஞ்சம் கூட்டிக் கொண்டுவாருங்கள்.

கோழிக் குழம்பை இன்றே நிறுத்துங்கள். குழம்பு ஊற்றினால் சாப்பிடுகிறது என்பதால் நாக்கு கெட்டுவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை. குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. இரண்டும், வேகவைத்தாலும்கூட, நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாள் ஒரு கரண்டி சாப்பிட்டதால் ஆபத்து வந்துவிடாது. தினமும் கொடுத்தால் இரத்தம் மெல்ல மெல்லக் குறையும். பூச்சிக்குப் பூண்டு என்ற எதிர்வீட்டு யோசனையும் இதே காரணத்தால் வேண்டவே வேண்டாம், அது புழுவையும் ஒழிக்காது. வாசனைதான் வேண்டுமென்றால் உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் கோழி வேகவைத்த தண்ணீரை இரண்டு கரண்டி வெதுவெதுப்பாக ஊற்றுங்கள்.

வாயைத் திறந்து பாருங்கள்

தண்ணீர்க் கிண்ணத்தில் இரத்தம், செருப்புக் கடி, கடினமான உணவை முகர்ந்துவிட்டு விலகுவது என்று மூன்றையும் நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே விஷயத்தின் அடையாளங்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்றரை, நான்கு மாதத்தில் முன்பற்கள் விழத் தொடங்கி, கோரைப் பல்லும் கடைவாய்ப் பல்லும் மாறி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். விழுந்த பல்லைப் பெரும்பாலும் குட்டியே விழுங்கிவிடும், அதில் கெடுதல் இல்லை. ஈறு சிவந்து வலிக்கும்போது மொறமொறப்பான உணவு வேதனை தரும். பசி இருக்கும், கிண்ணத்துக்கு வரும், வாய் வைத்ததும் விட்டுவிடும்.

குட்டி உணவை வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, ஆறிய பிறகு கொடுத்துப் பாருங்கள். ஊறவைத்ததை ஆவலாகச் சாப்பிட்டால் பிரச்சினை வாயில்தான், வயிற்றில் இல்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை இது. கடிப்பதற்கு, சுத்தமான துணியை நனைத்து முறுக்கி, குளிர்பதனப் பெட்டியில் குளிரவைத்துக் கொடுக்கலாம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், துணியை விழுங்கிவிடக் கூடாது. வேகவைத்த எலும்பு, மாங்கொட்டை, தேங்காய் நார் எதுவும் வேண்டாம். மாம்பழக் காலம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மாங்கொட்டை குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

மகளின் கைக் கீறல்களைப் பற்றி உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. "வீட்டுக் குட்டிதானே" என்று விடக் கூடாத விஷயம் இது. உங்கள் குட்டிக்கு ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி இன்னும் போடவில்லை. பால் பல் பட்டுத் தோல் கிழிந்தாலோ இரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. ஏற்கெனவே பட்ட கீறல்களைக் குழந்தையின் மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி, ஊசி வேண்டுமா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் அந்த ஊசி இலவசம். குட்டி என்றைக்காவது விழுங்க முடியாமல் திணறினால், எச்சில் வடித்தால், குணம் திடீரென மாறினால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கையை விடாதீர்கள். யாரும் தொடாமல் மருத்துவரை அழையுங்கள்.

நான் கவலைப்படும் இரண்டு வரிகள்

இதுவரை சொன்னவற்றை வைத்துப் பார்த்தால் உங்கள் குட்டியின் பசிக் குறைவு பல், வெயில், பிஸ்கட் ஆகிய மூன்றின் கூட்டு வேலை என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஆனாலும் குட்டியை நேரில் பார்க்காமல் "ஒன்றுமில்லை" என்று என்னால் எழுத முடியாது. காரணம், கடிதத்தில் நீங்கள் அரை வரியில் கடந்துபோன உண்ணியும் பூச்சி மருந்தும்.

உண்ணி கடித்தால் அரிப்பு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் ஊரில் சாதாரணமாகக் காணப்படும் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா, பேபிசியா போன்ற கிருமிகளை நாயின் இரத்தத்தில் ஏற்றிவிடும். கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, பசியின்மை தொடங்கலாம். உங்கள் குட்டி சரியாக அந்தக் கால இடைவெளிக்குள் இருக்கிறது. சுறுசுறுப்பாக இருக்கும் குட்டிக்கு இது இருக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கும் எளிய பரிசோதனை இருக்கும்போது ஊகத்தில் ஏன் இருக்க வேண்டும்? ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் இரண்டுக்கும் நல்ல சிகிச்சை உண்டு.

கையால் பிடுங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இனி வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய் கூடாது. நாயின் மேல் தெரியும் உண்ணிகள் கொஞ்சம்தான். மீதி சுவர் விரிசலிலும் நிலைப்படி இடுக்கிலும் குட்டி படுக்கும் சாக்கிலும் இருக்கும், அங்கேயும் சுத்தம் செய்ய வேண்டும். உண்ணி மருந்தை வயதும் எடையும் பார்த்து மருத்துவர் சொல்வதை மட்டும் பயன்படுத்துங்கள். மாட்டுக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து குட்டியைக் குளிப்பாட்டுவது ஆபத்து.

அடுத்தது குடற்புழு. உருளைப் புழு தாயின் கருவிலிருந்தே குட்டிக்கு வந்துவிடும். கொக்கிப் புழு தாய்ப்பால் வழியாகவும் வரும். அதனால் எவ்வளவு சுத்தமாக வளர்த்த குட்டியாக இருந்தாலும் புழு இல்லை என்று சொல்ல முடியாது. மலத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் ஆதாரமாகாது, முட்டைகள் நுண்ணோக்கியில்தான் தெரியும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை என்பது பொதுவான முறை. ஒரே தடவை கொடுத்தது போதாது. கொடுக்கும் நாளில் எடை பார்த்து அளவு கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை கொடுத்த அளவையே இப்போது கொடுத்தால் போதிய மருந்து போகாது. இந்தப் புழுக்களின் முட்டையும் லார்வாவும் மனிதர்களையும், முக்கியமாக மண்ணில் விளையாடும் குழந்தைகளையும் பாதிக்கும். குட்டியின் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள், மகள் சாப்பிடும் முன் கையைச் சோப்பால் கழுவட்டும்.

ஈறின் நிறத்தை ஏன் கேட்டேன் என்பது இப்போது புரியும். உண்ணிக் காய்ச்சலும் இரத்தத்தைக் குறைக்கும், கொக்கிப் புழுவும் குறைக்கும், வெங்காயமும் பூண்டும் குறைக்கும். உங்கள் கடிதத்தில் இந்த மூன்றுக்குமே இடமிருக்கிறது. தனித்தனியாகச் சிறியதாக இருந்தாலும் ஒரே குட்டியில் சேர்ந்தால் பெரிதாகிவிடும். பகல் வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலும் அப்படித்தான். ஈறே இயல்பில் கறுப்பாக இருந்தால் கண் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக் குட்டியும் உங்கள் பயமும்

நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருந்திருக்கலாம். உங்கள் பயம் நியாயமானது. பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். பினாயில் ஊற்றிக் கழுவினால் போதும் என்று நினைக்காதீர்கள், இந்த வைரஸ் அதற்கெல்லாம் அடங்காது. துணி வெளுக்கப் பயன்படுத்தும் குளோரின் திரவத்தை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து, சுத்தமாகக் கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். குட்டி அப்போது அங்கே இருக்கக் கூடாது.

இரண்டு ஊசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்பதும் சரியல்ல. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை அது ஊசியின் வேலையையும் தடுத்துவிடும். எந்தக் குட்டிக்கு அது எந்த வாரத்தில் தீரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசியைப் பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ முடிக்கச் சொல்கிறோம். உங்கள் குட்டி இப்போது அந்த வயதை நெருங்கிவிட்டது. "சாப்பிடாத குட்டிக்கு ஊசி வேண்டாம்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. காய்ச்சலோடு இருக்கும் குட்டிக்கு ஊசியைத் தள்ளிப்போடுவோம். ஆனால் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர். வீட்டிலேயே முடிவுசெய்து நாளைக் கடத்தினால் பாதுகாப்பில்லாத நாட்கள்தான் கூடும். ரேபீஸ் ஊசியையும் அப்போதே கேளுங்கள். ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் பசி சற்று மந்தமாக இருக்கும், அதற்குப் பதற வேண்டாம். இப்போதைய பத்து நாள் குறைவுக்கு ஒரு மாதம் முன்பு போட்ட ஊசி காரணமல்ல.

பார்வோ வந்தால் குட்டி பிழைக்காது என்ற எண்ணத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாளே வந்து, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, வாந்தியை அடக்கிக் கவனித்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. நாம் இழப்பது வீட்டிலேயே மோர், இளநீர் என்று புகட்டிக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்த குட்டிகளைத்தான். இரத்தப்போக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. சுருண்டு படுத்துக்கொள்வதும் சாப்பாட்டை முகராமலே திரும்பிக்கொள்வதும்தான் முதலில் தெரியும். அடுத்து வாந்தி, அதற்கும் பிறகுதான் நாற்றமடிக்கும் இரத்த மலம்.

பொறுத்திருக்கக் கூடாத நேரங்கள்

விளையாடிக்கொண்டிருக்கும் குட்டி ஒரு வேளையை விட்டால் அடுத்த வேளைவரை பொறுக்கலாம். ஆனால் பசியின்மையோடு சோர்வோ வாந்தியோ சேர்ந்தால் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், நாள் கணக்கில் காத்திருக்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு வேளை முழுதாக மறுத்து, கூப்பிட்டாலும் எழவில்லை என்றால் அன்றே போங்கள். எப்படி இருந்தாலும் 24 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை என்றால் போயாக வேண்டும். தண்ணீரும் குடிக்கவில்லை, வயிறு உப்பிக் கல்லாக இருக்கிறது, முக்குகிறது ஆனால் மலம் வரவில்லை, தள்ளாடுகிறது, உடல் நடுங்குகிறது என்றால் இரவானாலும் மருத்துவரைத் தேடுங்கள். தள்ளாட்டம் சர்க்கரை குறைந்ததாலும் வரும். குட்டிக்கு நினைவு இருந்தால் ஈறில் கொஞ்சம் தேனையோ குளுக்கோஸையோ தடவிக்கொண்டே கிளம்புங்கள். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் எதையும் வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.

உடம்பு சுடுகிறது என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாயின் இயல்பான வெப்பநிலையே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். மூக்கு காய்ந்திருப்பதும் காய்ச்சலின் அடையாளமல்ல. டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்த்து, 103-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று கொள்ளுங்கள். மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரையும் வலி மாத்திரையும் குட்டியின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கக்கூடியவை. ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வது, மாமியார் சொல்வது

கணவரின் யோசனையில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. சாப்பிடவில்லை என்றதும் கோழியும் குழம்பும் வந்து சேர்ந்தால், மறுத்தால் நல்லது கிடைக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். சிப்பிப்பாறை கூர்மையான நாய், இதைச் சீக்கிரமே கற்றுவிடும். எனவே கிண்ணத்தை வைத்துப் பதினைந்து, இருபது நிமிடம் விடுங்கள். சுற்றி நின்று கெஞ்ச வேண்டாம், கையால் ஊட்ட வேண்டாம். மிச்சம் வைத்தால் எடுத்துவிட்டு, அடுத்த வேளைக்கு அதே உணவைப் புதிதாக வையுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஆனால் "ஒரு நாள் பட்டினி" என்பது மூன்றரை மாதக் குட்டிக்குக் கூடாது. அதோடு, ஈறு வலியால் சாப்பிடாத குட்டியைப் பிடிவாதம் என்று தண்டிப்பதாக ஆகிவிடும். முதலில் உணவை ஊறவைத்துக் கொடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள், உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு இந்த ஒழுங்கைக் கொண்டுவாருங்கள்.

மாமியார் திருஷ்டி கழித்தால் கழிக்கட்டும், அது அவருடைய அன்பு. கழுத்தில் மிளகாய், எலுமிச்சை எதையும் கட்ட வேண்டாம் என்று மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள். பல் முளைக்கும் குட்டி எதையும் கடித்து விழுங்கும்.

பசி டானிக் வேண்டாம். காரணம் தெரியாமல் பசியைத் தூண்டினால் நோய் இருக்கும் குட்டியில் நமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை மணியையும் அணைத்துவிடுவோம். கால்சியம் டானிக்கையும் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். குட்டி உணவில் தேவையான கால்சியம் ஏற்கெனவே அளவோடு சேர்ந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல், அதிகப்படியான கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளக் கற்றிருக்காது, கொடுப்பதையெல்லாம் உறிஞ்சிவிடும். நீண்ட காலுள்ள இனங்களில் இது எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கலாம். கால் வளையாமல் இருக்கத்தான் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அளவு மீறினால் விளைவு அதற்கு நேர்மாறாகிவிடும். வெறும் சாதமும் கோழியும் மட்டும் கொடுக்கும் வீடுகளில் நிலைமை வேறு, அங்கே கால்சியம் உண்மையிலேயே குறையும். எது எவ்வளவு என்பதை உணவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உங்களைக் குறை சொல்வதற்காக அல்ல. 35 நாளில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்தது விற்றவரின் தவறு. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்குமான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. உறவினர்கள் யாராவது குட்டி வாங்கக் கிளம்பினால் இதைச் சொல்லுங்கள்.

இந்த வாரமே அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ உங்கள் மருத்துவரிடமோ போங்கள். ஊசி அட்டை, அன்று காலை எடுத்த மலம் ஒரு சிறிய டப்பாவில், டானிக் பாட்டில், குட்டி சாப்பிடும் விதத்தைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ ஆகியவற்றை எடுத்துப் போங்கள். வாயைப் பார்க்கவும், மலத்தைச் சோதிக்கவும், உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்க்கவும் நீங்களே கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். குட்டி சாப்பிடவில்லை என்று அழும் குழந்தைக்கு, குட்டி நன்றாக இருக்கிறது என்பதைத் தன் கண்ணாலேயே பார்க்க வழி வேண்டும். ஒரு நோட்டில் தேதி, மூன்று வேளையும் எவ்வளவு சாப்பிட்டது, மலம் எப்படி, விழுந்த பல் எது என்று அவள் எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டுக்கு முன், அப்பா குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நிற்கும்போது கழித்தல் கணக்கை அவளே போடட்டும். தொடர்ந்து இரண்டு வாரம் எடை ஏறவில்லை என்றாலோ ஒரு வாரம் இறங்கினாலோ, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த நோட்டோடு மறுபடி மருத்துவரிடம் போங்கள். இரத்தப் பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் அந்த முடிவை எனக்கு அனுப்புங்கள், அதற்கேற்ற உணவு முறையை எழுதுகிறேன்.